காசல்ரீ தண்ணீருக்கு எந்த எஞ்சின்?

எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்), விறகுக் கட்டுக்கும் கோழிக் கூடைக்கும் நடுவில், ஒரு படகு எஞ்சின் படுத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் தேயிலை மலையில் இது எதற்கு என்று கேட்பார்கள். அவர்களை வாசலில் இருந்து நாலு எட்டு கீழே கூட்டிக்கொண்டு போனால் போதும். கொழுந்து மலை முடிகிற இடத்தில் இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும்.

தண்ணீர் ஓரத்துத் தோட்டங்களில் சில பையன்கள் காசு சேர்த்துச் சின்னப் படகு வாங்க யோசிக்கிறார்கள். எங்களிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: படகுக்கு வெளியே மாட்டும் அவுட்போட் எஞ்சின் போடுவதா, உள்ளே வைக்கும் இன்போட் எஞ்சின் போடுவதா? நாங்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தவர்கள். ஒன்றை இதே தண்ணீரில் மூழ்கவும் கொடுத்தோம். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதை விட முழுதாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் எங்கள் தேவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு எதிர்க் கரையில் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. அத்தை குடும்பமும் அங்கேதான். தண்ணீர் வழியாகப் போனால் இரண்டு கிலோமீற்றர் இருக்கும். பாதையில் போனால் நீர்த்தேக்கத்தின் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் சுற்றி, பஸ்ஸுக்கும் காத்திருந்து, பாதிப் பகல் போய்விடும். அதனால் 2016இல் நீர்கொழும்பில் 18 அடி பைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி லொறியில் ஏற்றினோம். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று மலை ஏறி அது வந்தது. எஞ்சின் இல்லாத வெறும் படகு.

பத்திரிகைத் தமிழில் வெளியிணைப்பு இயந்திரம், உள்ளிணைப்பு இயந்திரம் என்று எழுதுவார்கள். பேச்சில் எல்லோருக்கும் அவுட்போட், இன்போட்தான். அவுட்போட் என்பது தலையும் காலும் ஒன்றாகச் சேர்ந்த எஞ்சின். தலையில் எஞ்சின், காலில் கியரும் தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரும். படகின் பின்பலகையில் மாட்டித் திருகிவிட்டால் வேலை முடிந்தது. திருப்புவதும் அதையே பிடித்துத்தான், தனிச் சுக்கான் வேண்டாம். இன்போட்டில் எஞ்சின் படகுக்குள்ளே தளம் போட்டு உட்கார்ந்திருக்கும். அதில் இருந்து ஒரு ஷாப்ட், அதாவது சுழலும் தண்டு, அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்ப் புரொப்பெல்லரைச் சுற்றும். சுக்கான் தனி.

சித்தப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் ரூமில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஒரே டீசல் எஞ்சின் இரவு பகலாக ஓடி உருளைகளையும் சல்லடைகளையும் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த கை அது. அவருக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

"தம்பி, பெற்றோல் எஞ்சின் ஓடும், டீசல் எஞ்சின் உழைக்கும். படகு பாரம் இழுக்கணும். நமக்கு டீசல்தான்" என்றார்.

அவர் சொன்னதில் சத்தியம் இருந்தது. இன்போட் டீசலின் பலம் குதிரைவலுக் கணக்கில் தெரியாது. அவுட்போட்டின் காலில் இருக்கும் புரொப்பெல்லர் சிறியது, 15 குதிரைவலு எஞ்சினில் ஒன்பது அங்குலம் சொச்சம். எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில் அது சுற்றும். அதாவது நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேலும் போகும். இன்போட்டில் பதின்மூன்று, பதினான்கு அங்குலப் புரொப்பெல்லரை அதில் பாதிக்கும் குறைந்த வேகத்தில் சுற்றலாம். பெரிய இலை மெதுவாகச் சுற்றினால் தண்ணீரைக் கலக்காமல் தள்ளும். ஆறு பேரும் எட்டு மூட்டை முட்டைக்கோவாவும் ஏற்றிய படகுக்கு அந்தத் தள்ளல்தான் வேண்டும்.

எரிபொருளும் அப்படித்தான். ஒரு குதிரைவலுவை ஒரு மணி நேரம் எடுக்க டீசலுக்குக் கால் லீற்றருக்கும் குறைவாகப் போதும். நாலு ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின் சுமார் 0.35 லீற்றர் கேட்கும். பழைய ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அரை லீற்றரைத் தாண்டும். கடலில் நாள் கணக்கில் தங்கும் படகுகள் எல்லாம் உள்ளே டீசல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெற்றோல் ஆவி காற்றை விடக் கனம். மூடிய படகின் அடியில் போய்த் தங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பெற்றோல் இன்போட்டைச் சின்னப் படகில் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காற்று வாங்கும் விசிறியைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகே அதை ஸ்டார்ட் பண்ண வேண்டும். அவசரத்தில் யார் அதைச் செய்வார்கள்? டீசலில் அந்தப் பயம் மிகக் குறைவு.

சரி என்று ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திர) எஞ்சின் வாங்கினோம். ஒற்றைச் சிலிண்டர், பத்துக் குதிரைவலு. அதற்கு நீர்கொழும்பில் ஒரு பழைய படகுக் கியர் பெட்டியும் ஷாப்ட்டும் தேடிப் பிடித்தோம். எல்லாம் சேர்த்து நூற்றைம்பது கிலோவுக்கு மேல். அதைக் கொழுந்து மலைப் படிகளில் எட்டுப் பேர் மூங்கில் கட்டி இறக்கினார்கள்.

பொருத்தும் வேலை மூன்று மாதம் இழுத்தது. இன்போட் போட நினைக்கிறவர்கள் எஞ்சின் விலையை மட்டும் கேட்கிறார்கள், இந்த மூன்று மாதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எஞ்சின் உட்கார மரத்தளம் போட்டு அதைப் பைபரால் கட்ட வேண்டும். படகின் அடியைத் துளைக்க வேண்டும். அந்தத் துளையில் இருந்து எஞ்சின் வரைக்கும் ஷாப்ட் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். ஷாப்ட் முனைத் தட்டும் கியர் பெட்டித் தட்டும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் கடுதாசி நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால் அது கோணல். கோணலோடு ஓட்டினால் பேரிங்கும் கிளாண்டும் தேய்ந்துபோகும். அதோடு, கரையில் வைத்து நேராக்கியது தண்ணீரில் இறக்கியதும் மாறும், படகு கொஞ்சம் வளையும். மறுபடியும் பார்க்க வேண்டும். சித்தப்பா நாலு தடவை பார்த்தார்.

கிளாண்ட் என்பது ஷாப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற அடைப்பு. மெழுகுக் கயிறு சுற்றி இறுக்குவார்கள். ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளி சொட்டத்தான் வேண்டும், அந்தத் துளிதான் ஷாப்ட்டைக் குளிர வைக்கிறது. நிறுத்தினால் சொட்டு நிற்க வேண்டும். அதிகம் இறுக்கினால் ஷாப்ட் சூடேறித் தேயும், தளர்த்தினால் படகு நிறையும்.

ஆனால் ஓடியது. ஒரு வருடத்துக்கு மேல் அருமையாக ஓடியது. அந்தக் கொட்டு கொட்டு சத்தம் மலையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டே அத்தை எதிர்க் கரையில் தேத்தண்ணி வைத்துவிடுவார். பாரம் ஏற்றினாலும் வேகம் குறையாது. டீசல் குடித்ததே தெரியாது. அந்த எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிழை எஞ்சினில் இல்லை, நாங்கள் இந்தத் தண்ணீரை யோசிக்காததில்தான்.

காசல்ரீயைக் குளம் என்றும் ஏரி என்றும் சொல்கிறோம். உண்மையில் அது ஒரு தொட்டி. கெசல்கமுவ ஓயாவை மறித்துக் கட்டி, நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் விமலசுரேந்திர மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் அதன் வேலை. மழைக் காலத்தில் புல்வெளி வரை ஏறும். மாசி, பங்குனியில் இறங்கிக்கொண்டே போய் சிவப்பு மண்ணும் அடிக்கட்டைகளும் வெளியே வரும். பக்கத்தில் மவுசாகலையில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவிலே தலை காட்டும், பார்க்கச் சனம் போகும். அலை கிடையாது, உப்பு கிடையாது, ஆனால் கரை ஒரு இடத்தில் நிற்காது. நேற்றுப் படகு கட்டிய இடம் அடுத்த வாரம் காய்ந்த மண்ணாக இருக்கும்.

2018 சித்திரை வருடப்பிறப்புக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். ஐந்தாறு நாள் யாரும் படகைப் போய்ப் பார்க்கவில்லை. தண்ணீர் இறங்கி, படகின் புரொப்பெல்லரும் சுக்கானும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டன. அவுட்போட் என்றால் காலைத் தூக்கி விட்டிருக்கலாம். இன்போட்டின் புரொப்பெல்லர் படகின் அடியில் நிரந்தரமாகத் தொங்குகிறது, தூக்க வழியில்லை. படகின் பாரம் முழுவதும் ஷாப்ட்டில் இறங்க, ஷாப்ட் வளைந்து கிளாண்ட் திறந்துகொண்டது. அப்புறம் இரண்டு நாள் பின்னேர மழை கொட்டியது. தண்ணீர் ஏறியபோது படகு மிதக்கவில்லை, உள்ளே நிறைந்து பின்பக்கமாக இறங்கிவிட்டது. விடியக் காலையில் போனவர் சித்தப்பாதான். மூக்கு மட்டும் வெளியே தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து, யாரோடும் பேசாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் பிழைத்தது. உப்புத் தண்ணீராக இருந்தால் போயிருக்கும். வெளியே எடுத்த அன்றே எண்ணெயை வடித்து, சிலிண்டரில் டீசல் ஊற்றி, கையால் சுற்றிச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினார். மூன்று தடவை எண்ணெய் மாற்றினார். இப்போது அதே எஞ்சின் எதிர்க் கரைத் தோட்டத்தில் பம்ப் ஓட்டுகிறது. படகின் துளையைப் பைபரால் அடைத்தோம்.

அந்த ஆவணியில் நான் மறுபடி நீர்கொழும்புக்குப் போனேன். படகுப் பட்டறையில் ஒரு முதியவர் என் கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓட்டுவீங்க?"

போக வர, இரண்டு நடை என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் வராது. அவர் அதற்கு மேல் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எங்கள் படகு தண்ணீரைக் கிழித்துப் போகிறதே தவிர மேலே எழும்பிச் சறுக்கிப் போவதில்லை. அப்படிப் போகிற படகுக்கு நீளம்தான் வேகத்தின் எல்லை. தண்ணீரில் படும் நீளம் 16 அடி, அதன் வர்க்கமூலம் 4, அதை 1.34ஆல் பெருக்கினால் 5.4 நொட். மணிக்குப் பத்துக் கிலோமீற்றர். பாரத்தோடு அதைத் தாண்ட முயன்றால் எண்ணெய்தான் போகும். அந்த வேகத்துக்கு ஐந்து குதிரைவலு இருந்தால் தாராளம். ஐந்து குதிரைவலுவுக்கு டீசல் மணிக்கு ஒரு லீற்றர் சொச்சம், நாலு ஸ்ட்ரோக் பெற்றோல் ஒன்றேமுக்கால் லீற்றர். ஒரு நாளைக்கு அரை லீற்றர் அளவு மிச்சம் பிடிக்கவா மூன்று மாத வேலையும், படகின் நடுவில் பாதி இடமும், அடியில் ஒரு துளையும்? நாளுக்கு ஆறு, எட்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அவருக்கு நான் இன்போட் டீசல்தான் சொல்வேன், கரையும் ஆழமும் மாறாத தண்ணீராக இருந்தால்.

அவுட்போட் என்று முடிவான பிறகும் ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா, மண்ணெண்ணெயா என்ற கேள்வி இருந்தது. கடற்கரையில் மண்ணெண்ணெய் அவுட்போட் நிறைய ஓடுகிறது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். எங்கள் விடியற்காலைக் குளிருக்கும் பத்து நிமிட ஓட்டத்துக்கும் அது சரிவராது. எஞ்சின் சூடாவதற்குள் எதிர்க் கரை வந்துவிடும், பிளக்தான் கரி பிடிக்கும். மலிவு என்ற ஒரே காரணமும் பின்னால் போய்விட்டது. 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாய் ஆனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் மேல் எனக்கு ஆசை இருந்தது. 15 குதிரைவலு எஞ்சின் நாற்பது கிலோவுக்குள் வரும், நாலு ஸ்ட்ரோக் ஐம்பதைத் தாண்டும். பழைய திரீவீல் திருத்தின எந்தக் கையும் ரெண்டு ஸ்ட்ரோக்கைத் திருத்தும். ஆனால் காபரேட்டர் வைத்த ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போட்டில், ஊற்றும் பெற்றோலில் கால்வாசி எரியாமலே புகையோடு தண்ணீருக்குள் போய்விடும். அவுட்போட்டின் புகைக் குழாய் தண்ணீருக்குள்தானே இருக்கிறது. அமெரிக்காவில் டாஹோ ஏரியில் 1999இல் அந்த வகை எஞ்சின்களைத் தடை செய்ததற்கும் இதுதான் காரணம். எங்கள் கரையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள், பெண்கள் துணி துவைக்கிறார்கள். இந்தத் தண்ணீர் மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பு வரை குடிக்கப் போகிறது. பத்துக் கிலோவைக் கூடச் சுமப்பது பெரிய விஷயமில்லை என்று முடிவு செய்தோம். இதில் சித்தப்பாவும் நானும் ஒரே பேச்சு.

15 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் வாங்கினோம். ஐந்து போதும் என்று கணக்குப் போட்டவன் ஏன் பதினைந்து வாங்கினாய் என்று கேட்கலாம். மழைக் காலத்தில் அணைப் பக்கமிருந்து அடிக்கும் எதிர்க் காற்று ஒரு காரணம். அடுத்தது, இந்த உயரம். கடற்கரைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இது வருவதே இல்லை.

காசல்ரீ கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,100 மீற்றர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சின் இழுக்கும் மூச்சும் குறைகிறது. முந்நூறு மீற்றருக்கு மூன்று வீதம் என்று வைத்துக்கொண்டால் இங்கே பத்து வீதத்துக்கு மேல் போய்விடும். பதினைந்து என்று எழுதியிருக்கும் எஞ்சின் இங்கே பதின்மூன்று சொச்சம்தான். நுவரெலியா கிரகரி வாவியில், 1,870 மீற்றரில், அதே எஞ்சின் பன்னிரண்டு சொச்சமாகிவிடும். டீசலும் தப்பாது, டர்போ இல்லாவிட்டால் கறுப்புப் புகையாகக் காட்டும். எங்கள் எஞ்சின் முதல் மாதம் முழுத் திருகில் 4,700 சுற்றுக்கு மேல் ஏறவே இல்லை. ஐயாயிரத்தில் இருந்து ஆறாயிரம் வரை ஏற வேண்டிய எஞ்சின் அது. கடைக்காரர் எஞ்சின் பழுதில்லை என்று சாதித்தார், அவர் சொன்னது சரிதான். பழுது புரொப்பெல்லரில் இருந்தது. அதாவது அது கடல் மட்டத்துக்கு அளந்து கொடுத்த புரொப்பெல்லர்.

புரொப்பெல்லரில் இரண்டு இலக்கம் வெட்டியிருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகப் பார்க்கிறது என்பது. எங்களிடம் இருந்தது 9¼ × 9¾. மலை ஏறும் பஸ்ஸில் மூன்றாம் கியரில் மூச்சு முட்டுகிற மாதிரி அதன் நிலை. அதைக் கழற்றி 9¼ × 8 போட்டதும், இரண்டாம் கியருக்கு மாற்றியது போல, ஐயாயிரத்தைத் தாண்டிப் பாடியது. பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் இருநூறு சுற்றுக் கூடும் என்பது பொதுக் கணக்கு. மலையில் படகு வைக்கிறவர்கள் எஞ்சினோடு இந்தச் சின்னப் பிட்ச் புரொப்பெல்லரையும் கேட்டு வாங்குங்கள். பிளக் கரி பிடித்தால் காபரேட்டரில் சின்ன ஜெட் போடச் சொல்லுங்கள்.

2022இல் ஒரு சோதனை வந்தது. பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை. ஹட்டனில் வரிசையில் நின்று வெறும் கேனோடு வந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மாதங்களில் அவுட்போட்டின் காலைத் தூக்கிவிட்டு, துடுப்புப் போட்டே போய் வந்தோம். நாற்பது நிமிடம் பிடித்தது, போய்ச் சேர்ந்தோம். இன்போட்டின் புரொப்பெல்லர் அடியில் தொங்கிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து இழுத்திருக்கும். அன்றைக்குத்தான் சித்தப்பா துடுப்பைப் பிடித்தபடியே சொன்னார்: "தூக்கி வைக்கிற எஞ்சின்தான் தம்பி நம்ம தண்ணிக்கு."

வாங்குகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். பின்பலகை உயரத்தை அளந்துகொண்டு போங்கள்: 15 அங்குலத்துக்குக் குட்டைக் கால், 20 அங்குலத்துக்கு நீளக் கால். மாற்றி வாங்கினால் ஒன்றில் புரொப்பெல்லர் காற்றைக் கடிக்கும், மற்றதில் கால் ஆழத்தில் இழுபடும். ஓடும்போது பின்னால் ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை பீச்ச வேண்டும். அது நின்றால் எஞ்சினை நிறுத்துங்கள், குளிர வைக்கும் தண்ணீரை இழுக்கிற இம்பெல்லர் போயிருக்கும் அல்லது சேறு அடைத்திருக்கும். வற்றின காலத்தில் எங்கள் சேறு அதைச் செய்யும். காலில் அரிப்பைத் தடுக்க வைத்திருக்கும் துத்தநாகக் கட்டி உப்புத் தண்ணீருக்கானது, நன்னீருக்கு மக்னீசியம் கேளுங்கள். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். லைஃப் ஜக்கட் எல்லோருக்கும், பத்து நிமிடப் பயணம்தானே என்று விடவே வேண்டாம். இந்தத் தண்ணீர் குளிர், கரை செங்குத்து.

பங்குனியில் அடிக்கட்டைகள் வெளியே வரும் முன், தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் பருவத்தில்தான் ஆபத்து. இரண்டு தடவை இடித்திருக்கிறோம். கால் தானாக மேலே எகிறிவிட்டது, இலையில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். முன்கியரில் போகும்போது, காலை எழும்பவிடாமல் பிடிக்கும் டில்ட் பூட்டுத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. பூட்டியிருந்தால் எகிறாது, பின்பலகைதான் உடையும்.

பின்னேரம் நானும் தம்பியும் எஞ்சினைக் கழற்றி, மூங்கிலில் கட்டி, படியேறி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். கரையில் விட்டால் காலையில் இருக்காது. நாலு ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கமும் படுக்க வைக்க முடியாது, புத்தகத்தில் சொன்ன பக்கம் மட்டும்தான். மாற்றிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஒரு நாள் சித்தி இஸ்தோப்பைக் கழுவும்போது புரட்டி வைத்துவிட்டார். அடுத்த நாள் காலை வெள்ளைப் புகையில் கரையே மறைந்தது, இரண்டு பிளக்கையும் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்டோரில் இருந்து கொண்டுவந்த சிவப்புப் பெயின்ட்டில், எஞ்சின் மூடியின் பக்கத்தில், கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டு, "இந்தப் பக்கம் நிலம்" என்று எழுதி வைத்தார்.